தபால்தலை அளவு படமும் பல் முளைத்த விவசாயியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். அல்பேனியா நாட்டு ஓவியர் எடி ஹிலாவைப் பற்றி எட்டே வரி. அப்படி ஒரு ஆளைப் பற்றி மதுரைப் பதிப்பில் எட்டு வரி வந்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது எல்லாம் குறைதான்.

முதல் குறை, படம். தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தீர்கள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகும் பூதக்கண்ணாடியை வாங்கியும் பார்த்தேன். ஒரு கட்டடமும் அதன் முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்றும் தெரிந்தது. படத்துக்குப் பெயர் இல்லை, வரைந்த வருஷம் இல்லை, துணியில் ஆயிலா காகிதத்தில் வாட்டர் கலரா என்று இல்லை, இரண்டடியா இருபதடியா என்றும் இல்லை. அதே பக்கத்தில் ரவா கேசரிக்குக் கால் பக்கம். முந்திரி எத்தனை என்று எண்ணிவிடலாம்.

இரண்டாவது குறைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. "புகைப்படமா ஓவியமா என்று திகைக்க வைக்கும் தத்ரூபம்" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி. எழுதியவர் படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துபோனது. ஹிலாவின் படத்தைப் பார்த்து யாரும் போட்டோ என்று திகைக்க மாட்டார்கள். சுண்ணாம்புச் சுவரில் மழைத்தண்ணீர் ஊறின மாதிரி மங்கலான நிறம், வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு கட்டடம், ஆள் இல்லாத அகலமான சாலை, இதெல்லாம்தான் அவர் படம். ஆனாலும் அவர் யதார்த்த ஓவியர்தான். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேனர் ஆர்ட்டிஸ்ட். இருந்தேன் என்று சொல்ல வேண்டும். 1974இல் பதினாலு வயதில் ஒரு பேனர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது, வஜ்ரப் பசை காய்ச்சுவது, பிரஷ் கழுவுவது, டீ வாங்கி வருவது. நாலு வருஷம் கழித்து எழுத்து எழுத விட்டார்கள், அப்புறம் புடவை, அப்புறம் கை கால். முகத்தைத் தொட ஒன்பது வருஷம் ஆனது. சினிமா கம்பெனியிலிருந்து வரும் ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போடுவோம், துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போடுவோம், கட்டத்துக்குக் கட்டம் கண் மூக்கு வாய் என்று ஏற்றிக்கொண்டே போவோம். சாரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு கண் மட்டும்தான் தெரியும், முழு முகத்தைப் பார்க்க இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் எங்கள் வாத்தியார் திட்டுவார். ஒரு தடவை நான் ஸ்டில்லில் இருந்ததை இம்மி பிசகாமல் போட்டுவிட்டு, பாராட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸ்டில்லு அப்படியே வேணும்னா ஸ்டில்லையே ஒட்டிட்டுப் போவானேடா, நம்மள எதுக்குக் கூப்பிடுறான்?" என்றார். கன்னத்தில் கொஞ்சம் ரோஸ், தாடை ஓரத்தில் நீலம், கண்ணில் வெள்ளைப் புள்ளி ஒன்று என்று அவர் நாலு இழுப்பு இழுத்ததும், துணியில் இருந்த ஆள் ரோட்டில் போகிறவனைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் போனது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள்.

அல்பேனியா எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகள் இத்தாலியில் பாரி என்கிற துறைமுக ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். கடலுக்கு இந்தப் பக்கம் பாரி, அந்தப் பக்கம் அல்பேனியா. 1991 ஆகஸ்டில் வ்லோரா என்ற ஒரே கப்பலில் இருபதாயிரம் பேர் ஏறி, கொடிமரத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டு அந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் மகள் பார்த்துக்கொள்ளும் பாட்டி அதற்கு அப்புறம் வேறு வழியாக வந்து சேர்ந்த அல்பேனியக்காரர். ஒரு நாள் பேச்சுவாக்கில் உன் வீட்டில் யார் என்ன வேலை என்று பாட்டி விசாரிக்க, இவள் என் சித்தப்பா பெயிண்டர் என்று சொல்லியிருக்கிறாள். உடனே பாட்டி, "ஓ, போயாஜி!" என்றாராம். போயா என்றால் அவர்கள் பேச்சில் சாயம், வர்ணம். அதைப் பூசுகிறவர் போயாஜி. துருக்கியிலிருந்து அங்கே போன சொல். நம் அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்துப் பெண் என்பது பலருக்கும் தெரியும், அவருடைய குடும்பப் பெயர் போயாஜியு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்கத்தா அம்மாவின் வீட்டுப் பெயரே பெயிண்டர் என்று கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இங்கே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற தெருக்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். சாயக்காரன் என்பதை மரியாதையாகச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

அந்தப் பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அண்ணன் மகள் அதை போனில் எடுத்து அனுப்பினாள். வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண், சரிகை வேலை செய்த உடுப்பு, சிரிப்பதா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாய். "மோத்ரா தோனே" என்று பெயர். வரைந்தவர் கோலே இத்ரோமெனோ, வருஷம் 1883, படத்தில் இருப்பது அவருடைய உடன்பிறந்தவள். தோனே என்பது அவள் பெயர், 'எங்கள் சகோதரி' என்றும் அந்தத் தலைப்பு காதில் விழும். அல்பேனியாவின் மோனாலிசா என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் மோனாலிசா என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனால் நம் வீடுகளில் மாமா கல்யாண போட்டோ தொங்குகிற இடத்தில் அவர்கள் வீட்டில் இந்தப் படம் தொங்குகிறது என்றால் அது சாதாரணம் இல்லை.

இந்த இத்ரோமெனோ ஷ்கோடர் என்கிற வடக்கு ஊர்க்காரர். அந்த ஊரில் 1850களிலேயே இத்தாலியிலிருந்து ஓடி வந்த பியெத்ரோ மாருபி என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்துவிட்டார். மாருபி பெயரிலேயே மூன்று தலைமுறை அந்த ஸ்டுடியோ நடந்தது. மலைக்காரர்கள், வியாபாரிகள், மணப்பெண்கள், துப்பாக்கியோடு நிற்கும் ஆட்கள் என்று லட்சக்கணக்கில் நெகட்டிவ் சேர்ந்து, இன்றைக்கு அதற்கென்று அங்கே ஒரு தேசிய அருங்காட்சியகமே இருக்கிறது. இத்ரோமெனோ அந்த மாருபியிடம் பழகியவர், தானே ஸ்டுடியோ வைத்திருந்தவர், கட்டடத்துக்கு பிளான் போட்டவர், 1912இல் அந்த ஊரில் சினிமா காட்டியதிலும் அவருக்குக் கை உண்டு. எங்கள் ஜாதி ஆள் என்று நினைத்துக்கொண்டேன், தொழில் ஜாதியைச் சொல்கிறேன். இப்போது யோசித்துப் பாருங்கள். கேமரா கையில் இருக்கிறது, இருட்டறை வீட்டிலேயே இருக்கிறது, கூடப்பிறந்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். போட்டோ மாதிரி வேண்டும் என்றால் அவர் போட்டோவே எடுத்திருக்கலாம். எதற்காக அவ்வளவு நாள் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்? உங்கள் எட்டு வரியை எழுதியவர் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பெருமை பேசுகிறான் என்பார்கள். இதே காலத்தில் இங்கே ரவிவர்மா இருந்தார், இத்ரோமெனோவுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் மாமா ராஜராஜ வர்மா. அந்த மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா ஆதரவில் இருந்த அழகிரி நாயுடு. அந்த அழகிரி நாயுடு மதுரைக்காரர்! இந்தியா முழுக்க காலண்டரில் தொங்கிய முகங்களுக்கு வேர் தேடிக்கொண்டு போனால் ஒரு கிளை நம் ஊரில் வந்து நிற்கிறது. இந்த ஊரில் ஒரு சந்துக்காவது அவர் பெயர் வைத்திருக்கிறோமா? எனக்குத் தெரிந்து இல்லை. ஷ்கோடரில் போட்டோக்காரருக்கும் பெராத்தில் ஓவியனுக்கும் மியூசியம் வைக்கிறார்கள். பெராத் என்கிற மலைக்கோட்டை ஊரில் ஓனுஃப்ரி என்று பதினாறாம் நூற்றாண்டுச் சாமிப்பட ஓவியர், அவர் பெயரில் கோட்டைக்குள்ளேயே ஒரு மியூசியம் இருக்கிறது. அவர் போட்ட சிவப்பை இன்றைக்கும் 'ஓனுஃப்ரி சிவப்பு' என்றே சொல்கிறார்கள். அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன், நம் கோவில் கல்தூணில் விளக்கெண்ணெயும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஏறினால் ஒரு நிறம் வருமே, அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. அந்த நாட்டுக் கொடியும் அதே மாதிரி சிவப்பு, நடுவில் கருப்பில் இரண்டு தலைக் கழுகு. சங்கப் பாட்டிலேயே இருதலைப் புள் வருகிறது, நமக்கு அது புதிதும் இல்லை.

சரி, ஹிலாவுக்கு வருகிறேன்.

எடி ஹிலா 1944இல் அதே ஷ்கோடரில் பிறந்தவர். அந்த வருஷம்தான் என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. ஹோஜா 1985இல் சாகிறவரை இறங்கவில்லை. 1967இல் கோவில், சர்ச், மசூதி எல்லாவற்றையும் மூடி, நாட்டில் மதமே கிடையாது என்று அறிவித்தவர். ஓவியத்துக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள், சோஷலிச யதார்த்தவாதம் என்று பெயர். பெயரில் யதார்த்தம் இருக்கிறதே ஒழிய, யதார்த்தத்தில் அங்கே யாரும் அவ்வளவு சிரித்துக்கொண்டிருக்கவில்லை. தொழிலாளி என்றால் நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும், விவசாயி என்றால் கதிர்க்கட்டோடு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், முகத்தில் சந்தேகம் இருக்கக்கூடாது.

1970களின் தொடக்கத்தில் ஹிலா ஒரு படம் வரைந்தார், இளைஞர்கள் மரம் நடுகிற படம். நன்றாகக் கவனியுங்கள், விஷயத்தில் ஒரு குற்றமும் இல்லை. இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையில் மரம் நடுவது கட்சிக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அந்தப் படத்தில் ஆட்கள் படைவீரன் மாதிரி நிற்கவில்லை, ஆடுகிற மாதிரி வளைந்து நெளிந்து இருக்கிறார்கள், நிறமும் கொஞ்சம் துள்ளுகிறது. அந்த நேரம் பார்த்து, 1972 டிசம்பரில் டெலிவிஷனில் வந்த ஒரு பாட்டுப் போட்டியில் வெளிநாட்டு வாடை அடிக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வந்தது. 1973இல் கட்சியின் மத்தியக் குழு கூடியது. பாடகர், எழுத்தாளர், ஓவியர் என்று வரிசையாகப் பிடித்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். ஹிலாவைத் திருந்திவா என்று 1974இல் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பட்டம் வாங்கிய ஓவியர், சில வருஷம் அங்கே மூட்டை தூக்கினார்.

அதே 1974. நான் வஜ்ரம் காய்ச்ச ஆரம்பித்த வருஷம்.

பண்ணையிலும் அவர் வரைந்தார். யாருக்கும் காட்டாமல், கூட வேலை பார்த்தவர்களை, காகிதத்தில். மேடையில் மாட்ட முடியாத முகங்கள். அவருடைய யதார்த்தம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கட்சி சொன்ன யதார்த்தத்தில் கண்ணிமை வரை எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் பொய். இவர் கிறுக்கினதில் கை கால் முடியாமல் இருந்தாலும் ஆள் நிஜம்.

1991க்குப் பிறகு அந்த ஆட்சி போனது. பாதிப் பேர் கப்பல் ஏறப் பார்த்த நேரத்தில் அவர் தலைநகர் திரானாவிலேயே இருந்துகொண்டு அங்கே கலைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். அட்ரியான் பாச்சி, அன்ரி சாலா என்று இன்றைக்கு உலகம் சுற்றுகிற கலைஞர்கள் அவரிடம் படித்தவர்கள். இவரை உலகம் கவனிக்கத்தான் நேரம் பிடித்தது, ஏதென்ஸிலும் காசெலிலும் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் 2017இல் அவர் படங்களை வைத்தபோது அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. அப்படி என்ன வரைந்தார்? புதுப் பணத்தில் கட்டிய விசித்திரமான வீடுகள், ஒன்றுமில்லாத நிலத்தில் கோட்டை மாதிரி எழும்பி நிற்பவை, பென்ட்ஹவுஸ் என்றே அந்த வரிசைக்குப் பெயர். திரானாவின் பெரிய சாலையை, இத்தாலிக்காரன் போட்டு, கட்சிக்காரன் ஊர்வலம் விட்ட சாலையை, வெறிச்சோடின சாம்பல் நிறக் கட்டடங்களாக வரைந்தார். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பார்த்தது பார்த்தபடி, ஆனால் பார்த்தவனுடைய மனசோடு.

அண்ணன் மகள் ஒரு தடவை பாரியிலிருந்து ராத்திரிக் கப்பல் ஏறி அந்தப் பக்கம் போய்வந்தாள். பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படங்களை அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்த்தளம் கட்டி முடித்துக் குடியிருக்கிறார்கள், மேலே நாளைக்கு மகன் கட்டிக்கொள்வான் என்று கம்பியை நீட்டி விட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பியில், அல்லது பால்கனியில், ஒரு பஞ்சு பொம்மை தொங்குகிறது. கரடி பொம்மை, சில இடத்தில் வைக்கோல் ஆள். எதற்கு என்றால் கண்ணேறு படாமல் இருக்க! "சித்தப்பா, நம்ம ஒத்தக்கடைப் பக்கம் போன மாதிரியே இருக்கு, பூசணிக்காய்தான் இல்லை" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். அப்புறம் ஊர் ஊராகப் பதுங்கு குழி. ஹோஜா காலத்தில் யாரோ படையெடுத்து வரப்போகிறார்கள் என்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சிமென்ட் குழிகளைக் கட்டித் தள்ளினார்கள், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி வயலுக்கு நடுவில் நிற்கின்றன. யாரும் படையெடுத்து வரவே இல்லை.

1997இல் அங்கே இன்னொன்றும் நடந்தது. மாதம் இவ்வளவு வட்டி என்று ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்தன. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஜனம் அதில் பணம் போட்டிருந்தது என்கிறார்கள், வீட்டை விற்று, ஆட்டை விற்றுப் போட்டவர்கள். கலவரத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் செத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் புத்தகம் படிக்கிற மாதிரி இல்லை. நானும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் நாற்பதாயிரம் போட்டு, ஒரு காலையில் போய்ப் பூட்டின ஷட்டர் முன்னால் நின்றவன்தான். அந்த ஷட்டர் முன்னால் நின்ற கூட்டத்தில் யாரும் கத்தவில்லை, ஒரு பெரியவர் பாஸ் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை ஓவியர்கள் இருக்கிற ஊரில் அதை ஒருத்தர் வரைந்திருக்கிறோமா? நான் வரைந்தேனா?

இல்லை. நான் என்ன வரைந்தேன் என்று சொல்கிறேன்.

ஃப்ளெக்ஸுக்கு அப்புறம் எங்களுக்கு மிஞ்சியது சுற்றுச்சுவர் வேலை. போஸ்டர் ஒட்டாமல் இருக்க அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், பாலம் எல்லாவற்றின் சுவரிலும் படம் வரையச் சொல்வார்கள். ஜல்லிக்கட்டு, கோபுரம், மகால் தூண், மல்லிகைப் பூக்கூடை, விவசாயி. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அலுவலகச் சுவர், கான்ட்ராக்டர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிப்போனார். பன்னிரண்டு கட்டம். அதில் ஒன்று விவசாயி. மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன், இதை மட்டும் கொஞ்சம் ஆசையாகச் செய்தேன். மேலூர்ப் பக்கம் கடைமடையில் இருக்கிற என் பெரியப்பா முகத்தைப் போட்டேன். பெரியாறு கால்வாயில் இன்றைக்குத் தண்ணீர் வரும், நாளைக்கு வரும் என்று வாய்க்கால் மேட்டில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம். வாய் மூடியிருக்கும், கண் தூரத்தில் இருக்கும். நெற்றிச் சுருக்கத்துக்கு மட்டும் அரை நாள் ஆனது.

முடிந்ததும் ஒரு அதிகாரி காரிலிருந்து இறங்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன்தான், டீ எல்லாம் சொன்னார். பெரியப்பா முன்னால் வந்ததும் நின்றார். "என்னங்க, இவர் மட்டும் சோகமா இருக்கார்? கொஞ்சம் சிரிக்க வைங்க. பார்க்கிறவங்களுக்கு ஒரு பாசிட்டிவா இருக்கணும்ல" என்றார். கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். நான் சாரத்தில் ஏறினேன். எங்கள் பெரியப்பாவுக்கு மேல்வரிசையில் நாலு பல் கிடையாது, வெற்றிலை போட்டுப் போட்டுப் போனது. அவருக்கு வெள்ளை எனாமலில் எட்டுப் பல் வைத்தேன். கன்னத்தைக் கொஞ்சம் தூக்கினேன். பத்து நிமிஷ வேலை. எல்லோரும் "ஆங், இப்பத்தான் உயிர் வந்திருக்கு" என்றார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என்னை யாரும் கோழிப்பண்ணைக்கு அனுப்பவில்லை. நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அதிகபட்சம் அடுத்த சுவர் கிடைக்காமல் போயிருக்கும். அதனால்தான் அந்த ஆளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் காது சுடுகிறது. ஹிலாவைச் சிரிக்க வைக்கச் சொன்னவர்களிடம் சிறை இருந்தது, துப்பாக்கி இருந்தது. என்னிடம் சொன்னவரிடம் டீ கிளாஸ்தான் இருந்தது.

ஒரு வேடிக்கை. அல்பேனியாவில் இப்போது பிரதமராக இருக்கும் எடி ராமா, ஓவியர். 2000இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் திரானாவுக்கு மேயராக இருந்தபோது, அழுது வடிந்த பழைய குடியிருப்புகளுக்கு மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டையடித்து உலகம் பூராவும் பேச வைத்தவர். 2013இலிருந்து பிரதமர். அங்கே வரைந்தவர் ஆட்சிக்கு வந்தார், இங்கே நாங்கள் வரைந்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். எங்கள் வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் ரசித்திருப்பார். வெளியில் வர்ணம் அடித்தால் உள்ளே மாறுமா என்று அந்த ஊரிலும் கேட்டவர்கள் உண்டாம். நம் ஊர்ப் பாலத் தூண்களைப் பார்க்கும்போது எனக்கும் கேட்கத் தோன்றும். நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் மத்தியான வெயிலுக்கு வண்டியை நிறுத்திவிட்டு, வெள்ளரிக்காய் விற்கிறவரும் உணவு டெலிவரி பையனும் ஒரே நிழலில் சாய்ந்திருப்பார்கள். தூணில் காளை பாய்ந்துகொண்டிருக்கும், அடியில் இரண்டு பேர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எது மதுரை என்று கேட்டால் நான் அந்த இருவரைத்தான் காட்டுவேன். தண்ணீர் இல்லாத வைகையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், திருவிழாவுக்கு மூன்று நாள் மட்டும் ஆறு ஆறாக இருக்கிறது. கீழவளவுப் பக்கம் மலையைச் சதுரமாக வெட்டி எடுத்த பள்ளத்தில் பச்சையாக மழைத்தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் ஹிலா கண்ணில் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, ஜன்னல் வெளிச்சத்தில் நம் வீட்டுப் பெண்களை எப்படி வைத்தார்! கறுப்புத் தோலில் வெளிச்சம் விழுந்தால் அது எத்தனை நிறமாக இருக்கிறது என்று, எல்லோருக்கும் ரோஸ் பூசியே பழகின எங்களுக்குக் காட்டினவர். 2021இல் கொரோனா கொண்டு போய்விட்டது, நாற்பத்து சொச்சம் வயதில். அவர் படத்துக்கும் ஜனங்கள் சொன்னது "அப்படியே போட்டோ மாதிரி" என்பதுதான். அவ்வளவு பாடுபட்டவருக்கு நாம் கொடுத்த பட்டம், செல்போன் செய்கிற வேலையை நீயும் செய்கிறாய் என்பது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஓவியம் போட்டால் பெயர், வருஷம், அளவு, எதில் வரைந்தது என்று ஒரு வரி போடுங்கள், கிரிக்கெட் ஸ்கோருக்கு எவ்வளவு சுத்தமாகப் போடுகிறீர்கள்! ஓரத்தை வெட்டாதீர்கள், ஹிலா மாதிரி ஆளுக்கு அந்த வெற்றிடம்தான் படமே. 'தத்ரூபம்' என்ற சொல்லை ஒரு வருஷத்துக்கு உங்கள் ஆபீஸில் பூட்டி வையுங்கள். மாதம் ஒரு தடவையாவது இந்த ஊரில் வரைகிற ஒரு பிள்ளையிடம், கோபுரமும் காளையும் வேண்டாம், உன் தெருவை வரைந்து கொண்டுவா என்று சொல்லி வாங்கிப் போடுங்கள். பணமும் கொடுங்கள். சும்மா போடுகிறோம், பெயர் வரும் என்று சொல்லாதீர்கள், பெயரை வைத்துப் பிரஷ் வாங்க முடியாது.

கடைசியாக ஒன்று. போன வாரம் அந்த அலுவலகச் சுவர் பக்கம் போக வேண்டியிருந்தது. எமல்ஷன் மேல் எனாமல் நிற்காது, அது எனக்கு அன்றைக்கே தெரியும், சொல்லவில்லை. ஏழெட்டு மழை பார்த்ததில் வெள்ளை ஏடு ஏடாக உரிந்து, எட்டில் ஐந்து பல் விழுந்துவிட்டது. பெரியப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. பேரனை விட்டுப் படம் எடுக்கச் சொன்னேன், இத்துடன் வைத்திருக்கிறேன். சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன், ஆறடிக்கு எட்டடி, வரைந்தவன் நான், பல் மட்டும் என்னுடையது இல்லை. போடுவதாக இருந்தால் கால் பக்கமாவது போடுங்கள். கேசரியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய பேனர் ஓவியன் ஒருவன்,
செல்லூர், மதுரை.